நேரே வந்து கேட்டவர்

ஒரு குண்டூசி வேண்டுமென்றாலும், குண்டூசி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே எழுந்து போவார். மணியைத் தட்டி ஆளை அனுப்புகிற வழக்கம் அவரிடம் கிடையாது. எங்கள் கம்பெனியிலோ மணி தட்டுவதுதான் கௌரவம். மணி அடித்தால் பியூன் வரவேண்டும், பியூன் போய் ஹெட் கிளார்க்கிடம் சொல்ல வேண்டும், ஹெட் கிளார்க் யோசித்துவிட்டு இன்னொரு பியூனை அனுப்ப வேண்டும். குண்டூசி வருவதற்குள் குத்த வேண்டிய காகிதம் காற்றில் பறந்து போயிருக்கும். இவர் கிடங்கிலிருந்து கிளம்பி, லாரிகள் நிற்கிற யார்டைத் தாண்டி, மாடிப்படி ஏறி, என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "குண்டூசி இருக்கா?" என்பார். இருந்தால் வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் யாரிடம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டு அங்கே போவார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கேயாவது பேரன் பேத்தியோடு சௌக்கியமாக இருப்பார், அதைப் போய்க் கெடுப்பானேன். கம்பெனியின் பெயரும் வேண்டாம், அது மூடியே போயிற்று. கல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம், ஆற்றை ஒட்டி இருந்துகொண்டு, தேயிலைப் பெட்டிகளைக் கப்பலேற்றி அனுப்பிய கம்பெனி என்று தெரிந்தால் போதும். எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு லேக் மார்க்கெட்டில். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறிப் போவேன். கிதர்பூரில் கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டால் அன்றைக்கு அரை மணி நேரம் அம்போ. எனக்கு இருபத்து நாலு வயது. கப்பல் பிரிவில் சரக்குப் பட்டியல் அடிப்பது என் வேலை. அவர் கிடங்குப் பொறுப்பாளர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியாக இருப்பார். முழங்கை வரை மடித்த சட்டை. புருவத்தில் எப்போதும் தேயிலைத் தூசி படிந்திருக்கும். யார் பேசினாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு முழுதாகக் கேட்பார். இந்தக் காலத்தில் அப்படிக் கேட்கிற ஆம்பிளையை நான் பார்க்கவில்லை, அந்தக் காலத்திலும் இவரைத் தவிர யாரையும் பார்க்கவில்லை.

அவரிடம் ஒரு தகவலைக் கொடுத்து இன்னொருவரிடம் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரியாமல், "ஸார், கீழே போறேளே, லாரி மேஸ்திரிகிட்ட அந்த நாப்பது பெட்டி நாளைக்குத்தான்னு சொல்லிடுங்கோ" என்றேன். நின்று திரும்பினார்.

"நீங்களே வந்து சொல்லுங்க. எங்கிட்ட சொல்லிவிட்டா அது எஞ் சொல்லால்லா போயிரும்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். என்ன திமிர் இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்த நாற்பதில் பன்னிரண்டு பெட்டி ஏற்கெனவே லாரியில் ஏறிவிட்டது. இவர் மூலமாகச் சொல்லியிருந்தால், அந்தப் பன்னிரண்டின் கதை என்னிடம் வந்து சேர இரண்டு நாள் ஆகியிருக்கும். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அவருக்கு அது தெரியவே இல்லை என்பது இன்னொரு எரிச்சல்.

எங்கள் கம்பெனியின் விசேஷம் டல்ஹௌசி. ஆபீஸ்கள் நிறைந்த அந்தப் பேட்டையில் ஒரு கட்டடத்தில், ஏசி போட்ட அறையில், பெரிய மெஷின் இருந்தது. எங்களைப் போல ஏழெட்டுக் கம்பெனிகள் அதை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தன. கிடங்கில் எத்தனை பெட்டி வந்தது, எத்தனை போனது என்று தினமும் தாளில் எழுதி அங்கே அனுப்ப வேண்டும். அவர்கள் மெஷினில் ஏற்றி, அச்சடித்து, நாலு நாள் கழித்து ஒரு கட்டுக் காகிதம் அனுப்புவார்கள். பட்டியல் அடிக்க எனக்குப் பெட்டிக் கணக்கு வேண்டுமென்றால் அந்தக் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். என் ஜன்னலைத் திறந்தால் எதிரே கிடங்கு. பெட்டிகளைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் எத்தனை என்று டல்ஹௌசி சொன்னால்தான் அது எத்தனை.

"கண்ணு முன்னால பெட்டி கெடக்கு. அத எண்ணுததுக்கு டல்ஹௌசிக்குத் தாள் போகுது. கேக்க ஆள் இல்ல பாருங்க" என்பார்.

கேட்க ஆள் இல்லாததால் அவரே ஆரம்பித்தார். முதலில் சாந்தினி மார்க்கெட்டில் போய்ப் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட இரண்டு டெலிபோன் வாங்கி வந்தார். கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பக்கம் மணி அடிக்கும். நடுவில் எக்ஸ்சேஞ்சும் இல்லை, ஆபரேட்டரும் இல்லை. ஒன்றைக் கிடங்கில் வைத்தார், இன்னொன்றை என் மேஜையில். எங்கள் ஆபரேட்டர் ரேகாதிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. நாற்பது வயது வங்காளி அம்மாள், காதில் ஹெட்ஃபோனும் வாயில் பானுமாகக் கம்பெனியின் எல்லாப் பேச்சும் தன் வழியாகப் போவதில் ராணி மாதிரி இருந்தவள். "பாபா ரே! என்னைத் தாண்டி ஒரு ஃபோனா?" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

அவர் யாரையும் தூது விடவில்லை. நேரே போய் அவள் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் உடைந்த வங்காளத்தில் அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினாரோ, மறுநாளிலிருந்து ரேகாதி மத்தியானம் என் மேஜைக்கு வந்து கைப்பிடியைச் சுற்றி, "என்னப்பா, இன்றைக்கு என்ன சாப்பாடு?" என்று அவரைக் கேட்க ஆரம்பித்தாள். ஒருவரிடம் சண்டை என்றாலும் அவரிடமே போய்ச் சண்டை போடுகிற ஆளை யாராலும் ரொம்ப நாள் வெறுக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு கம்பெனி மூன்று சின்ன கம்ப்யூட்டர் வாங்கியது. மேனேஜர் தன்னுடையதற்கு ஒரு வெல்வெட் உறை தைக்கச் சொல்லிப் போர்த்தி வைத்தார், அதற்கு மேலே ஒரு பூ ஜாடி. ஒன்று எனக்கு, ஒன்று கிடங்குக்கு. அவற்றில் அடித்ததையும் ஃபிளாப்பியில் ஏற்றி டல்ஹௌசிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. இவர் ஒரே வாரத்தில், "ரெண்டு மெஷினுக்கும் நடுவுல ஒரு கம்பி போட்டா என்ன?" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

என்னிடம் உட்கார்ந்து விளக்கினார். கிடங்கு விவரம் கிடங்கு மெஷினிலேயே இருக்கட்டும். கப்பல் விவரம் என் மெஷினிலேயே இருக்கட்டும். எனக்குப் பெட்டிக் கணக்கு வேண்டுமென்றால் என் மெஷின் அவருடையதைக் கேட்கும். அவருக்குக் கப்பல் தேதி வேண்டுமென்றால் அவருடையது என்னுடையதைக் கேட்கும்.

"இதுல முதலாளி மெஷின்னும் இல்ல, வேலக்கார மெஷின்னும் இல்ல. கேக்கிறவன் பதிலும் சொல்லணும். அவ்வளவுதான்" என்றார்.

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கம்பியைப் பற்றித்தான் பேசுகிறார், ஆனால் அத்தனை சந்தோஷம். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அதற்கு முன்னாலேயே பிடித்திருக்கலாம், ஒப்புக்கொண்டது அன்றைக்கு.

யார்டின் சுவரோரமாக, தகரக் கூரை வழியே, அவரே ஏறிக் கம்பியை இழுத்தார். இரு பக்கமும் பற்றவைத்தார். மெஷின்களைப் போட்டால், இரண்டும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தன. இரண்டு நாள் பாடுபட்டார். கம்பி அறுந்திருக்கிறதா என்று அடி அடியாகத் தடவிப் பார்த்தார், தான் எழுதிய புரோகிராமை நாலு முறை மாற்றினார், சாப்பாட்டை மறந்தார். மூன்றாம் நாள் நான் ஃபோன் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே காதுக்கு ஒன்று, கீழே வாய்க்கு ஒன்று. சட்டென்று தோன்றியது. கைப்பிடியைச் சுற்றினேன்.

"ஏன் ஸார், ரெண்டு பக்கமும் பேசற கம்பியைப் பேசற கம்பியோடயேவா கட்டியிருக்கேள்?"

"ஆமா. ஒண்ணுக்கு ஒண்ணு, நேரா."

"அப்போ ரெண்டும் பேசிண்டேதானே இருக்கும்? கேக்கறது யாரு? என் வாய் உங்க காதுக்குன்னா வரணும்?"

அந்தப் பக்கம் ரிசீவரைக் கீழே போடுகிற சத்தம். ஜன்னல் வழியே பார்க்கிறேன், மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு யார்டில் ஓடி வருகிறார். கையில் பற்றவைக்கிற கம்பியோடு வந்து என் பக்கத்து முனையில் இரண்டு இழைகளை மாற்றிப் பற்றவைத்துவிட்டுத் திரும்பி ஓடினார். பத்து நிமிஷம் கழித்து என் திரையில், பச்சை எழுத்தில், ஒவ்வோர் எழுத்தாக ஊர்ந்து வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். சாப்பிட்டாச்சா என்று.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கக்கேடு. பச்சை எழுத்துக்கு அழுகிற பைத்தியம் யாராவது உண்டா? ஆச்சு, நீங்க, என்று தட்டினேன்.

எல்லோரிடமும் போய், "நான் முட்டாத்தனமாக் கட்டிட்டேன், அவங்கதான் கண்டுபிடிச்சாங்க" என்று சொன்னார். மேனேஜரிடம் சொன்னார், ரேகாதியிடம் சொன்னார், லாரி மேஸ்திரியிடம்கூடச் சொன்னார். எங்கள் வீட்டில் நான் சமைத்ததை நன்றாயிருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் டல்ஹௌசிக்கு எட்டி, அங்கேயிருந்து ஓர் ஆபீஸர் டை கட்டிக்கொண்டு வந்தார். கம்பியைப் பார்த்தார், சிரித்தார். "எல்லாம் சரி. அந்தப் பக்கத்து ஆள் மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? எங்கள் மெஷின் எந்நேரமும் இருக்கும், தெரியுமா?" என்றார்.

இவர் மழுப்பவில்லை. "அணைச்சிருந்தா பதில் கெடைக்காது, வாஸ்தவம்தான். அவங்க வார வரைக்கும் காத்திருக்கணும். அது கஷ்டம்தான்" என்று ஒப்புக்கொண்டார். ஆபீஸர் ஜெயித்துவிட்ட நினைப்பில் போனார். அடுத்த மாதமே எந்நேரமும் இருக்கிற அந்த மெஷின் இரண்டரை நாள் படுத்துக்கொண்டது. ஏழெட்டுக் கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. எங்கள் கப்பல் மட்டும் பட்டியலோடு நேரத்தில் கிளம்பியது. மேனேஜர் தன்னுடைய ஏற்பாடு என்று ரிப்போர்ட் எழுதிக்கொண்டார், பூ ஜாடியை நகர்த்தாமலேயே.

கம்பெனியோடு விட்டாரா? லேக் மார்க்கெட்டில் தமிழ்க்காரர்களுக்கென்று ஒரு புத்தக அலமாரி இருந்தது. சாவி சங்கத்துக் காரியதரிசி மாமாவின் பூணூலில் தொங்கும். மாமா மெட்ராஸ் போனால் இரண்டு மாதம் யாருக்கும் புத்தகம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார்ப்பொடி வாங்க வந்தவர் இதைக் கேள்விப்பட்டு, வீடு வீடாக ஏறிவிட்டார். உங்கள் வீட்டில் என்ன பத்திரிகை, என்ன புத்தகம், ஒரு தாளில் எழுதுங்கள். அலமாரிக்குக் கொடுக்க வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் எல்லா வீட்டுத் தாளுக்கும் ஒரு நகல் இருக்கும். வேண்டியவர்கள் நேரே அந்த வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். இருபது இருபத்தைந்து வீட்டுக்கும் நகல் எடுத்தது யார் என்கிறீர்கள்? கார்பன் வைத்து நான்தான், விரல் தேய.

பத்து வருஷமாக முகம் பார்த்துப் பேசாத இரண்டு மாமிகள் ஒரு தொடர்கதைக்காக ஒருத்தி வீட்டு வாசலில் ஒருத்தி போய் நிற்க வேண்டியதாயிற்று. நின்றவள் காப்பி குடித்துவிட்டுத்தான் திரும்பினாள். காரியதரிசி மாமா மெட்ராஸிலிருந்து வந்து பார்த்தால் அலமாரியைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் அப்பா, "இந்தப் பிள்ளையாண்டான் தபால்காரனுக்குக்கூட வேலை வைக்க மாட்டான் போலிருக்கே" என்று சிரித்தார். அப்பாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அம்மா அடை வார்த்துப் போடுவாள். அவர் எங்கள் வீட்டிலிருந்து வாங்கிப்போன பத்திரிகைகளைப் படித்தாரா என்று எனக்குச் சந்தேகம். ஒரே இதழை மூன்று தடவை வாங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், நல்ல வெயிலில், லாரிகளுக்கு நடுவே யார்டைத் தாண்டி வந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்றார். நான் குண்டூசி டப்பாவைத் தள்ளினேன்.

"அது வேண்டாம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என்னக் கட்டிக்கிடுதீங்களா?"

இப்படித்தான் கேட்டார். முன்னும் இல்லை பின்னும் இல்லை. நாங்கள் வேறு, அவர்கள் வேறு. எங்கள் வீட்டில் அடை வார்த்துப் போடுவார்கள், பெண்ணைக் கொடுக்க மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பாகிட்ட கேளுங்கோ" என்று முணுமுணுத்தேன். வேறென்ன சொல்லத் தெரியும் எனக்கு? அப்படித்தானே வளர்த்திருந்தார்கள்.

"உங்க அப்பாகிட்ட அப்புறம் கண்டிப்பாப் பேசுதேன். மொதல்ல உங்களுக்குச் சம்மதமான்னு தெரியணும்லா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க. எத்தன நாள் வேணும்னாலும் யோசிங்க. ஆனா பதில நீங்கதான் சொல்லணும். உங்க வீட்டுல வேற யாரு வந்து என்ன சொன்னாலும் அது எனக்குப் பதில் இல்ல. உங்ககிட்டயே வந்து கேட்டுக்கிடுவேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அன்றைக்கு அடித்த பட்டியலில் அத்தனையும் தப்பு.

யோசிக்க என்ன இருந்தது? பதில் எனக்குத் தெரியும். மூன்று நாள் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். நாலாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவிடம் போனாள்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். சாப்பிட்ட தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். என் தங்கைக்கு ஜாம்ஷெட்பூரில் இடம் நிச்சயமாகியிருந்தது, தையில் கல்யாணம். எனக்கு முன்னால் அவளுக்கு அமைந்துவிட்டதில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவள் மாப்பிள்ளையின் போட்டோவைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இது காதுலே விழுந்தா அவா நிறுத்திடுவா" என்றார் அப்பா. "சரி, கல்யாணம் ஆயிடுத்துன்னே வெச்சுக்கோ. அப்புறம் தெரிஞ்சாலும் அவளை அந்த ஆத்துலே நிம்மதியா விடமாட்டா. அவன் தங்கமான பையன்தான். நான் இல்லேங்கலே. ஆனா வேண்டாம்மா."

தங்கை உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுகிற சத்தம் வந்தது. அவளுக்காக அழுதாளா, எனக்காக அழுதாளா என்று நான் இன்று வரை கேட்டதில்லை. "சரிப்பா" என்றேன். ஒரே வார்த்தை. அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீ இன்னிக்குப் போகாதே. நானே கார்டன் ரீச் போய் அந்தப் பையன்கிட்ட பக்குவமாப் பேசிட்டு வந்துடறேன். இதெல்லாம் பெரியவா பேசற விஷயம்."

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. "நீங்க போக வேண்டாம். என்னைத்தானே கேட்டார். நானே போய்ச் சொல்றேன்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா, "என்னடி இது பிடிவாதம், அப்பா சொல்லிட்டு வரட்டுமே" என்றாள். நான் கேட்கவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை, சொல்லப்போனால். வேண்டாம் என்பதைக்கூட ஆள் விட்டுச் சொல்லாமல் நேரே போய்ச் சொல்லப் போகிறேன், அவர் மாதிரியே. அவரிடம் பழகியதற்கு இந்த மரியாதையாவது செய்கிறேன் என்று நினைத்தேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அன்றைக்குப் பார்த்துக் கிதர்பூரில் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். பஸ்ஸிலேயே உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்பதை மனப்பாடம் செய்தேன். அழக்கூடாது, தங்கையைப் பற்றிச் சொல்லக்கூடாது, அப்பாவைப் பற்றியும் சொல்லக்கூடாது. சொன்னால் அவர் வழி கண்டுபிடித்துவிடுவார், அந்த மனுஷருக்கு வழி கண்டுபிடிப்பதுதானே வேலை.

எப்போதும் அவர்தான் யார்டைத் தாண்டி வருவார். அன்றைக்கு நான் போனேன். கிடங்கு வாசலில் தேயிலை மணம் மூச்சை அடைத்தது. பெட்டிகளுக்கு நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எண்ணிக்கையை விட்டார். அந்த முகம் மலர்ந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. நானாகத் தேடிப் போயிருக்கிறேன் அல்லவா, நல்ல பதில் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

"நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன்."

"சொல்லுங்க."

"எனக்கு இதிலே சம்மதம் இல்லை."

தலையைச் சாய்த்துக்கொண்டு முழுதாகக் கேட்டார், வழக்கம்போல. கையிலிருந்த பென்சிலைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இது உங்க பதில்தான?"

"என் பதில்தான்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நானும் கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தேன், அவ்வளவு நன்றாக ஒத்திகை செய்திருந்தேன். "சரி" என்றார். "நேரா வந்து சொன்னீங்க. அதுக்கு ரொம்ப நன்றி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகும் யார்டைத் தாண்டி வந்தார். குண்டூசி கேட்டார், பெட்டி எண் கேட்டார், சண்டையில்லை, முகம் திருப்பல் இல்லை. ஒரு தடவை சொன்னதை மறுபடி கேட்டு என்னைச் சங்கடப்படுத்தவில்லை. சங்கடப்படுத்தமாட்டாரா என்று நான்தான் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தை மாதம் தங்கை கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினார். பங்குனியில் கொச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து விடைபெற்றார். என்னிடமும் வந்தார். "போயிட்டு வாரேன்" என்றார். "சரி" என்றேன்.

கிடங்குக்கு வந்த புது ஆள் மறுபடி டல்ஹௌசிக்குத் தாள் அனுப்ப ஆரம்பித்தார். அவர் கிடங்கு மெஷினைப் போடுவதே இல்லை. நான் மத்தியானத்தில் ஒரு தடவை சாப்பிட்டாச்சா என்று தட்டிப் பார்ப்பேன். அணைத்திருக்கிறது என்று தெரிந்தேதான் தட்டுவேன். சில மாதம் அப்படி.

அடுத்த வருஷம் எனக்கு மெட்ராஸில் கல்யாணம் நிச்சயமாயிற்று. கடைசி வாரம், ரேகாதியும் நானும் பொரியில் கடுகெண்ணெய் விட்டுக் கலந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு அவரிடம் போயிற்று. ரேகாதி மென்றுகொண்டே, "உன் அப்பா வருவார் என்று அவன் எத்தனை நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான், தெரியுமா?" என்றாள்.

"எங்கப்பாவா? எதுக்கு?"

"வேண்டாம் என்று சொல்லத்தான். உன் வீட்டில் ஒப்ப மாட்டார்கள், அப்பாதான் வந்து சொல்லுவார் என்று அவனுக்குத் தெரியும். அவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அன்றைக்குச் சாயங்காலமே லேக் மார்க்கெட்டுக்குப் போய் உன்னையே கேட்கப் போவதாகச் சொன்னான். அதற்கென்று ஒரு சட்டை இஸ்திரி போட்டுக் கிடங்கில் மாட்டியே வைத்திருந்தான், பைத்தியக்காரன். நீயே வந்து சொல்லுவாய் என்று மட்டும் அவன் நினைக்கவில்லை."

என் கையிலிருந்த பொரி அப்படியே இருந்தது. ரேகாதி என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்வதை நிறுத்தினாள். "கீ ஹோலோ, என்ன ஆயிற்று? அவன் வந்து கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?" என்றாள்.

"சம்மதம்னுதான் சொல்லியிருப்பேன், ரேகாதி" என்றேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்கு ஒரு தடவைதான். கேட்டது ரேகாதி.